சொன்னதைத் திரும்பச் சொல்லும் வேலை

எங்கள் அறையில் யாருக்கும் பெயர் கிடையாது. போன் அடித்தால் எடுத்து எந்த ஊர் என்று கேட்போம். மின்சார சப்ஸ்டேஷன் எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்தான் பேசுகிறவரின் பெயர். பதினெட்டு வருடமாக நான் பேசிக்கொண்டிருக்கும் சிலர் குட்டையா நெட்டையா என்று எனக்குத் தெரியாது. ஒருவருக்குச் சளி பிடித்திருந்தால் முதல் வார்த்தையிலேயே கண்டுபிடித்துவிடுவேன். அதே மனிதர் செகந்திராபாத் பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் வந்தாலும் அடையாளம் தெரியாது. அவர்களுக்கு நான் கண்ட்ரோல் ரூம் மேடம், அவ்வளவுதான்.

மாநிலம் முழுக்க ஓடும் மின்சாரத்தைக் கவனிக்கிற அறை அது. எந்த மின் நிலையம் எவ்வளவு தர வேண்டும், எந்தப் பெரிய லைனை எப்போது நிறுத்தலாம், எப்போது திரும்பக் கொடுக்கலாம் என்று சொல்லும் நாற்காலிகளில் ஒன்று என்னுடையது. இதைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கி விளக்கி அலுத்துப்போய் விட்டுவிட்டேன். காட்பாடியிலிருந்து சித்தி இன்றைக்கும் போன் செய்து, "எங்க தெருவுல ரெண்டு மணி நேரமா கரண்ட் இல்லடி, யார்கிட்டயாச்சும் சொல்லேன்" என்பாள். அது வேறு மாநிலம் சித்தி என்றால், "எல்லாம் கவர்மெண்ட்டுதானே" என்று கோபித்துக்கொள்வாள்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கத் திரை. அதில் கோடுகள், எண்கள், மாநிலத்தின் மின் தேவையைக் காட்டி நாள் முழுவதும் ஏறி இறங்கும் ஒரு வளைவு. வெளியே வெயிலா மழையா என்பதை அந்த வளைவைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். ஜனவரி காலையில் அது விறுவிறுவென்று ஏறினால் ஊரே வெந்நீர் போடுகிறது என்று அர்த்தம். சங்கராந்தி நெருங்கும்போது சோர்ந்து படுத்தால் பாதி ஹைதராபாத் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் வீட்டில் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு எப்போதும் தெரியும். என் வீட்டில் என்ன நடக்கிறது என்பதுதான் தெரிந்ததில்லை.

இந்த வேலையில் ஒரு சட்டம் எல்லாவற்றுக்கும் மேல். கேட்டதை முழுசாகத் திரும்பச் சொல்ல வேண்டும். ஆ, ஊம், ஓகே எதுவும் செல்லாது. "ரெண்டாம் நம்பர் லைனை நிறுத்தி வேலை ஆரம்பிக்கிறோம்" என்று அங்கிருந்து ஒருவர் சொன்னால், நானும் அட்சரம் பிசகாமல் அதையே சொல்லி, ஒரு கோட் நம்பர் கொடுத்து, மணியைச் சொல்லி, லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். அவரும் தன் நம்பரைத் தருவார். அதற்கப்புறம்தான் அங்கே ஒரு கை கம்பியைத் தொடும். நான் திரும்பச் சொல்லிவிட்டால் அனுமதி கொடுத்தாயிற்று, பிறகு பேச்சு இல்லை. என் வாயிலிருந்து வந்த தப்பான வார்த்தையால் இதுவரை யாருக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் இந்தப் பழக்கம் அறையோடு நிற்காது. ஆட்டோக்காரர் "ஈசிஐஎல் கிராஸ் ரோட்ஸ் வரைக்கும்தான்" என்றால், "ஈசிஐஎல் கிராஸ் ரோட்ஸ் வரைக்கும்தான் வர்றீங்க" என்பேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். காய்கறிக்காரி சிரிப்பாள். டாக்டர் சொன்ன மாத்திரைக் கணக்கை அவரிடமே ஒப்பித்து, அவரிடமிருந்து சபாஷ் வாங்கியிருக்கிறேன். என் கணவருக்கு மட்டும் இது பிடிக்கவே இல்லை. சண்டையில் அவர் கத்திய வாக்கியத்தை நான் நிதானமாகத் திருப்பிச் சொன்னால் அவருக்குத் தலைக்கேறிவிடும். "நான் சொன்னதுக்குப் பதில் சொல்லு, அதையே எனக்குப் படிச்சுக் காட்டாத" என்பார். நியாயம்தான். அப்போது அது நியாயமாகப் படவில்லை.

அவர் சென்னையில் வேலை கிடைத்துப் போனபோது மகளுக்குப் பத்து வயது. முதலில் வாராவாரம் வந்தார். பிறகு பண்டிகைக்கு வந்தார். பிறகு வரவில்லை. கோர்ட்டு, கச்சேரி என்று எதுவும் இல்லை. யாரும் யாரையும் விரட்டவில்லை. அவர் கெட்டவரும் இல்லை. நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அவர் வீட்டில் இருந்தார், அவர் இல்லாத நேரத்தில் நான் இருந்தேன், அப்படியே பழகிவிட்டது.

ஹைதராபாத் குஷாய்குடா வீட்டில் மகளும் நானும் மிஞ்சினோம். அவள் பிறந்து வளர்ந்தது இங்கே. நான் தமிழில் கேட்பேன், அவள் தெலுங்கில் பதில் சொல்வாள், கோபம் வந்தால் இந்திக்குப் போவாள். என் அப்பாவும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து இந்த ஊரிலேயே வாழ்ந்து முடித்தவர், ஆனால் எங்களை வீட்டில் தெலுங்கு பேச விட்டதில்லை. நான் அவ்வளவு கறாராக இருக்கவில்லை. பேசினால் போதும் என்று இருந்தது.

சின்ன வயதில் அவளுக்கு என் வேலைதான் விளையாட்டு. "மம்மி, ஐஸ்க்ரீம் காவாலி, கோட் நம்பர் செவன்டீன்" என்பாள், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. நான் "ஐஸ்க்ரீம் வேணும், கோட் நம்பர் செவன்டீன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தேன். திரும்பச் சொல்லிவிட்டால் வாங்கிக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். பிறகு அவள் வளர்ந்தாள். விளையாட்டு நின்றது. என் ஷிஃப்டும் அவள் ட்யூஷனும் மாறி மாறி வந்து, ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய சீட்டுகளில் பேசிக்கொண்டோம். குழம்பு உள்ளே இருக்கிறது, சூடு பண்ணிக்கொள். ரெக்கார்ட் நோட் வாங்க வேண்டும். சனிக்கிழமை பேரண்ட்ஸ் மீட்டிங், வருவாயா? அந்தக் கடைசிச் சீட்டுக்கு நான் நிறைய தடவை பதில் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுவாரம். மே மாதம். எனக்கு மதியம் இரண்டிலிருந்து எட்டு வரை ஷிஃப்ட். நாலு மணிக்கு மேல் திரையில் வளைவு திடீரென்று சரிய ஆரம்பித்தது. எங்கேயோ காற்றும் மழையும் அடிக்கிறது. மே மழை வந்தால் எங்களுக்குத் தலைக்கு மேல் வேலை. ஏசி எல்லாம் ஒரே நேரத்தில் நிற்கும், மரம் விழும், வயல்களில் பம்ப் நிற்கும், வாங்க ஆளில்லாமல் மின்சாரம் மிஞ்சும். மின்நிலையங்களைக் குறைக்கச் சொல்ல வேண்டும், மின்னழுத்தம் ஏறாமல் சில லைன்களைத் துண்டித்துவைக்க வேண்டும், அதையெல்லாம் ஒரு கால் மணிக்குள் செய்ய வேண்டும். என்னோடு ஷிஃப்டில் இருந்த, ஹைதராபாத் பழைய நகரத்துக்காரர் காதுக்கு ஒன்றாக இரண்டு போன் வைத்துக்கொண்டிருந்தார். என் மேஜையில் மூன்று போனும் மாறி மாறி அடித்தன. நான் எடுத்தேன், கேட்டேன், திரும்பச் சொன்னேன், எழுதினேன், வைத்தேன்.

செல்போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. அவசரத்துக்கு என்று வெளி போன் ஒன்று உண்டு, அந்த நம்பர் மகளுக்குத் தெரியும். ஆறு வருடத்தில் அவள் அதில் கூப்பிட்டதே இல்லை. அன்று அதுவும் அடித்தது. நான் எடுத்தேன்.

"மம்மி, நேனு சென்னை வெள்தா. நான்ன தக்கரே இன்டர் சதுவுத்தா. ரேப்பு சாயந்த்ரம் ட்ரெயின். டிக்கெட் கூட புக் அயிந்தி."

நான் சொன்னேன்: "நீ சென்னை போற. அப்பாகிட்டயே இருந்து ப்ளஸ் ஒன் படிக்கிற. நாளைக்குச் சாயந்திரம் ட்ரெயின். டிக்கெட்டும் போட்டாச்சு. டைம் பதினாறு இருபத்திரண்டு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு "ஹவ்" என்றாள். ஆமாம் என்று அர்த்தம். போனை வைத்துவிட்டாள்.

நானும் வைத்துவிட்டு அடுத்த போனை எடுத்தேன். அந்தக் கால் மணி நேரத்தில் நான் செய்த வேலையைப் பார்த்து மேலதிகாரி பிறகு பாராட்டினார். எங்கும் எதுவும் அறுந்து விழவில்லை, எந்த ஊரும் இருட்டில் மூழ்கவில்லை. வளைவு கீழே போய் நிதானமாகப் படுத்தது. டீ வந்தது. அப்போது பழைய நகரத்துக்காரர் லாக் புத்தகத்தை இழுத்துச் சரிபார்த்துக்கொண்டே வந்தவர், ஒரு வரியில் விரலை வைத்து, "யே க்யா லிக்கே மேடம்?" என்று கேட்டார்.

என்ன எழுதியிருக்கிறேன் என்று பார்த்தேன். இரண்டு சப்ஸ்டேஷன்களுக்கு நடுவில், என் கையெழுத்தில், கோணல் மாணல் இல்லாமல் இருந்தது: 16.22. சென்னை. நாளை மாலை. செய்தி பெறப்பட்டது.

கோட் நம்பர் ஒன்றுதான் கொடுக்கவில்லை.

லாக் புத்தகத்தில் எதையும் அழிக்கக் கூடாது. ஒரு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். அந்தக் கையெழுத்து என்னுடையது போலவே இல்லை. வெளி போனிலிருந்து வீட்டுக்கு அடித்தேன், அவள் எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். விஷயத்தைக் கேட்ட பழைய நகரத்துக்காரர், "ஆப் ஜாவ் மேடம், மை தேக் லேதுன்" என்றார். நீங்கள் போங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று. மாற்று ஆள் வந்து உட்காராமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று அவருக்குச் சட்டம் சொன்னேன். மழை அடங்கிவிட்டது, அவர் ஒருவரே சமாளித்திருப்பார், நான் போயிருக்கலாம். இதை நான் யாரிடமும் ஒத்துக்கொண்டதில்லை. அந்த நாற்காலியில் எனக்கு எல்லாம் தெரியும். வீட்டுக்குப் போனால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பயந்துபோய் எட்டு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் பை தயாராக இருந்தது. அவள் சாப்பிட்டு முடித்திருந்தாள், எனக்கும் எடுத்து வைத்திருந்தாள். பஸ்ஸில் வரும்போதே வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். உள்ளே வந்ததும், "டிசி வாங்கிட்டியா? மார்க் மெமோ ஒரிஜினல் எடுத்து வெச்சியா?" என்று கேட்டேன். எடுத்து வைத்திருந்தாள். சார்ஜர் எடுத்து வைத்திருந்தாள். அப்பாவுக்குத் தெரியுமா என்றேன், தெரியும் என்றாள்.

"நான் போன்ல சொன்னது... வேலை நடுவுல..." என்று ஆரம்பித்தேன்.

"ரிபீட் சேசினவ் கதா மம்மி" என்றாள். நீதான் திரும்பச் சொல்லிவிட்டாயே என்று. கோபமாகச் சொல்லவில்லை. பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. முடிவெடுத்துவிட்ட பெண்ணை அழுது தடுக்கக் கூடாது, அது சுயநலம் என்று எனக்கு நானே பெரிய மனுஷி மாதிரி சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாள் வாழ்க்கையில் முதல் தடவையாக ஷிஃப்டை மாற்றிக் கேட்டு செகந்திராபாத் ஸ்டேஷனுக்குப் போனேன். தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். கீழ் பெர்த்தா என்று பார்த்தேன். எதிர் சீட்டு அம்மாளிடம், பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். வண்டி கிளம்பிய பிறகு பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். யாரும் கண்டுகொள்ளவில்லை, ஸ்டேஷனில் அது சகஜம்.

அதற்கப்புறம் இரண்டு வருடம். ஒருத்திக்குச் சமைப்பது எப்படி என்று எனக்குப் பிடிபடவே இல்லை. அரை டம்ளர் அரிசி போட்டாலும் மிஞ்சியது. ஃப்ரிட்ஜ் கதவு காலியாகக் கிடந்தது. மாடியில் இருந்த ஃபேக்டரிக்காரர் மனைவி, "பாப்பா எப்புடொஸ்துந்தி?" என்று கேட்பதைத் தவிர்க்க, அவர் செடிக்குத் தண்ணீர் விடும் நேரம் பார்த்து வெளியே போகாமல் இருந்தேன். பாப்பா எப்போது வரும் என்று எனக்கே தெரியாது. சாயந்திர ஷிஃப்டில்தான் ரொம்பக் கஷ்டம். ஆறு மணிக்குச் சூரிய மின்சாரம் விழும், வளைவு ஏற ஆரம்பிக்கும். லட்சக்கணக்கான வீடுகளில் விளக்குப் போடுகிறார்கள், யாரோ வந்துவிட்டார்கள், டிவி ஓடுகிறது, குக்கர் வைக்கிறார்கள். அந்த வளைவில் என் வீடு இல்லை. என் வீட்டில் விளக்குப் போட ஆள் இல்லை. இதை நினைக்கும்போது பார்த்து ஏதாவது ஒரு ஊர் கூப்பிடும். எடுத்துத் திரும்பச் சொல்வேன்.

ஒரு காரியம் செய்தேன். எங்கள் அறையின் போன்கள் எல்லாம் பதிவாகும், வெளி போனும்தான். பழைய பதிவுகள் சில மாதத்தில் அழிந்துவிடும். அழிவதற்குள், அந்த மே நாளின் வேறொரு செய்தியைச் சரிபார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி அந்தப் பதிவை வாங்கிக் கேட்டேன். மகள் பேசும்போது பின்னால் மழைச் சத்தம் கேட்டது. அன்று குஷாய்குடாவிலும் மழை பெய்திருக்கிறது, எனக்குத் தெரியாது. பிறகு என் குரல். அவ்வளவு தெளிவாக, அவ்வளவு ஒழுங்காக. என் குரலை நான் வெறுத்தது அன்றுதான். அதன் பிறகு அவள் மௌனம். கொஞ்ச நேரம் என்று நினைத்திருந்தேன். கொஞ்ச நேரம் இல்லை. மழை பெய்துகொண்டே இருக்கிறது, அவள் மூச்சு விடுவது கேட்கிறது, நான் பேசவே இல்லை. அவள் ஏன் வைக்காமல் காத்திருந்தாள் என்று எனக்குப் புரியவில்லை. இன்னும் ஏதாவது சொல்ல வந்து விட்டுவிட்டாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

ப்ளஸ் டூ முடித்துவிட்டு ஏதோ சான்றிதழுக்காக அவள் மூன்று நாள் வந்தாள். உயரமாகியிருந்தாள். சென்னை அவளுக்குத் தமிழைக் கற்றுக்கொடுத்திருந்தது, நான் பதினாறு வருடத்தில் செய்ய முடியாததை. என்னை மம்மி என்று கூப்பிடுவதை விட்டுவிட்டு அம்மா என்றாள். எனக்கு அது கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

அவள் கிளம்ப வேண்டிய நாள் காலையில் நான் லீவு. அவள் சமையல் மேடைமேல் ஏறி உட்கார்ந்து, நான் இட்லி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதையோ பேசிக்கொண்டிருந்தவள் சிரித்துக்கொண்டே, "உனக்கு ஒண்ணு தெரியுமாம்மா? அன்னிக்கு நான் டிக்கெட்டே போடல" என்றாள்.

"என்னிக்கு?"

"ஆபீஸுக்கு போன் பண்ணேனே, அன்னிக்கு. சும்மா சொன்னேன். நீ கத்துவேன்னு நெனச்சேன். யாரைக் கேட்டு டிக்கெட் போட்டேனு திட்டுவ, ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு ஓடி வருவேன்னு. போன் வெச்சப்புறம்தான் அப்பாவுக்கே சொன்னேன். அவரு மீட்டிங்ல இருந்தாரு. 'அம்மா ஒத்துக்கிட்டாங்களா'னு கேட்டாரு. ஒத்துக்கிட்டாங்கனு சொன்னேன். அப்புறம்தான் அவரு டிக்கெட் போட்டாரு."

"நான் என்ன சொல்லியிருக்கணும்?" என்று கேட்டேன்.

"நக்கோனு, வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்மா. பைய எடுத்து உள்ள வெச்சிருப்பேன். ராத்திரி வரைக்கும் பார்த்தேன். நீ மார்க் மெமோ கேட்ட." பழைய வேடிக்கையைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள், இதில் மனஸ்தாபம் எல்லாம் ஒன்றும் இல்லை என்று எனக்குக் காட்டுவதற்காக.

அடுப்பை அணைத்தேன். இந்தத் தடவை எதையும் அடுக்கி வைத்துக்கொள்ளவில்லை. "நீ இல்லாம இந்த வீட்டுல என்னால இருக்க முடியலடி. அன்னிக்கும் முடியல. போகாத. இங்கயே ஒரு காலேஜ்ல சேர்ந்துக்கோ" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அவள் மேடையிலிருந்து இறங்கி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "அங்க சீட் கெடச்சிடுச்சேம்மா" என்றாள். ரொம்ப மெதுவாக, எனக்கு வலிக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் சொன்னாள். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் என்னோடு மல்லுக்கு நிற்பவள். எனக்கு அந்த மெதுவைத்தான் தாங்க முடியவில்லை.

லீவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சொன்னபடி ஒவ்வொரு லீவுக்கும் வருகிறாள், நாலு நாள் இருக்கிறாள். நான் முதல் நாளே புதுத் துண்டு எடுத்து வைத்து, படுக்கை விரிப்பு மாற்றி, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டுக் கேட்டுச் செய்கிறேன். எதைச் செய்தாலும் நன்றாக இருக்கிறது என்கிறாள்.